ஏழு நிமிஷம்

பதக்கம் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில்
குக்கர் வைப்பதில்லை.
எதிர்வீட்டு மெகருன்னிசா சிரிக்கிறாள்:
"கப்பல்ல வீர விருது வாங்குன மனுஷன்
குக்கரைப் பார்த்தா பயப்படுவாரு?"
பார்த்து இல்லை, கேட்டு.
அவளிடம் சொல்லவில்லை.

ராஜாஜி சாலையில் ஏ.சி. ஹால்.
வருவதாக இருந்த அமைச்சர் வரவில்லை.
கம்பெனிக்காரர் ஒருவர் தாளைப் பார்த்துப் படித்தார்,
இன்னாசிமுத்துவை மூன்று துண்டாக உடைத்து.
'தன் உயிரைத் துளியும் பொருட்படுத்தாமல்'
என்ற இடத்தில் கைதட்டல்.
நானும் தட்டினேன்.
அவர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.
தம்பியின் ஷூ. இடது கால் கடிக்கிறது என்று
காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வரிசை ஓரத்தில்
வெள்ளை உறை போட்ட நாற்காலி ஒன்றில்
பூபாலனின் மனைவி.
கொடுத்த சமோசாத் தட்டை
கூட்டம் முடிகிறவரை மடியிலேயே வைத்திருந்தாள்.
போகும்போது என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்:
"அண்ணன் தூங்குறாரா?"

காசிமேடு பஸ்ஸில், கம்பியைப் பிடித்தபடி,
யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் மாதிரி அவர் சொன்னார்:
"பொருட்படுத்தினேன்."

மற்றதெல்லாம் மாதக்கணக்கில், சில்லறையாக வந்தது.
காலி எண்ணெய்த் தொட்டி. ஆறு மாடி ஆழம்.
கழுவ இறங்கிய இரண்டு பேர்
நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தார்கள்.
வாடை கூட இல்லையாம்.
இவர் முதுகில் சிலிண்டர், முகத்தில் மாஸ்க்.
அப்பலராஜுவைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பிவிட்டுத் திரும்பினால்
பூபாலன் அந்தக் கோடியில், குப்புற,
ஒரு பூட்ஸ் கழன்று.

அப்போது விசில்.

காற்று குறைந்தால் சிலிண்டர் தானே ஊதும்.
நிறுத்த முடியாது.
"காதுக்குப் பின்னால நின்னு
வீட்டுக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கும்."
ஊத ஆரம்பித்தால் ஏழு நிமிஷம்.
ஏணி ஏற நாலு.
"மூணு இருந்துச்சு" என்பார்.
பிறகு வஞ்சிரம் இன்று என்ன விலை என்று கேட்பார்.

கிறிஸ்துமஸுக்கு அப்பலராஜு வந்திருந்தான்,
காக்கிநாடாவிலிருந்து ஒரு பெட்டி காஜாவோடு.
காலில் விழப் போனவனை இவர் பாதியில் பிடித்துக்கொண்டார்.
புதிதாகப் பிறந்த மகளின் படத்தை
போனில் தள்ளித் தள்ளிக் காட்டினான்,
நாற்பது படம் இருக்கும்.
சுவருக்கு அந்தப் பக்கம்
மெகருன்னிசா கறி வேகவைத்தாள்.
முதல் விசிலுக்கே இவர் எழுந்துவிட்டார்.
அப்பலராஜு காஜாவைக் கடித்தபடி
அண்ணன் எங்கே போகிறார் என்று என்னைப் பார்த்தான்.
மயங்கிக் கிடந்தவன். அவன் அதைக் கேட்டதே இல்லை.

ஹவுசிங் போர்டில் காலை ஏழு மணி என்றால்
கீழ்வீட்டில் தொடங்கி மாடி மாடியாக ஏறும்:
பருப்புக்கு நாலு, உருளைக்கிழங்குக்கு மூணு.
அந்நேரம் அவர் மொட்டைமாடியில் இருப்பார்,
துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருக்கும் கப்பல்களை எண்ணிக்கொண்டு.
பத்து பதினொன்று இருக்கும்.
எண்ணிக்கை சரியாக வந்தால்தான் இறங்குவார்.

நான் பானையில் வடிக்கிறேன்.
கஞ்சி கையில் கொட்டி ஒருமுறை கொப்புளம் போட்டது.
பழகிவிட்டது.

நேற்று அவர் வேலை கேட்டு
கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்குப் போயிருந்தார்.
பானையில் உலை கொதித்தது. அரிசியைப் போட்டுவிட்டு
சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நின்றேன்.
வேறெதுவும் செய்யவில்லை.
குழாயில் தண்ணீர் வந்தது, குடம் வைக்கவில்லை.
மெகருன்னிசா கூப்பிட்டாள், போகவில்லை.

ஏழாவது நிமிஷத்தில் கரண்டியை விட்டு
ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினேன்.
நடுவில் வெள்ளைப் புள்ளி.
கல் மாதிரி.

இன்னொன்று எடுத்தேன்.
அதுவும் வேகவில்லை.